பழைய இரும்புக்குத் தப்பிய கட்டாரி

எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் தஞ்சாவூர்க் கட்டாரிகள் இருக்கின்றன. சென்னையில் பார்க்கக் கிடைக்கும் இரும்புச் சாமான்களிலேயே ஆகச் சிறந்தது எது என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் அவற்றைத்தான் காட்டுவேன். துறைமுகத்துக் கிரேனையும் கப்பல் சங்கிலியையும் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவன் நான். எனக்கு இரும்பில் அவ்வளவு சீக்கிரம் மயக்கம் வராது. அந்தக் கட்டாரிகள் முன்னால் வந்தது. இன்னும் தெளியவில்லை.

பிழைப்பு திருவொற்றியூரில், பழைய இரும்பு யார்டில். உடைந்த கப்பல் தகடு, ஓடி ஓய்ந்த லாரி சேசிஸ், பாய்லர் குழாய் எல்லாம் எங்களிடம் வரும். எடை மேடையில் ஏறும், தரம் பிரிப்போம், கேஸ் கட்டிங் போட்டுத் துண்டாக்குவோம், கும்மிடிப்பூண்டி பர்னஸுக்கு லோடு போகும். கையில் வந்த துண்டு என்ன இரும்பு என்று சந்தேகம் வந்தால் கிரைண்டரில் லேசாக வைத்துப் பார்ப்போம். சாதா இரும்பு என்றால் பொறி நீளக் கோடாய்ப் பறக்கும். கரி ஏறிய உருக்கு என்றால் ஒவ்வொரு பொறியும் நுனியில் வெடித்துப் பூவாய் விரியும். சின்ன வயதில் அந்தப் பூவைப் பார்த்ததில் தொடங்கியதுதான் எனக்கு உருக்கின் மேல், அதிலும் கத்தியின் மேல், வந்த காதல்.

அந்தக் காதல் முதலில் போய் விழுந்த இடம் ஜப்பான். காரணம் ஒரு புத்தகம். ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்ற அமெரிக்கர் 1934-ல் வெளியிட்ட ஆயுதக் கலைச்சொல் அகராதி அது, ஏறக்குறைய 700 பக்கம். ஸ்டோன் துத்தநாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த உலோகப் பொறியாளர். எங்களைப் போல உலோகத்தோடு புழங்கிய ஆள் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். அதன் மறுபதிப்பு ஒன்று பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. படம் பார்க்க வாங்கியது, ராத்தூக்கத்தைக் கெடுத்தது. ஜப்பானியக் குறுவாளான தாந்தோவை அதில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஷாக்குவுக்கு, அதாவது சுமார் 30 சென்டிமீட்டருக்கு, உட்பட்ட அலகு. வெட்டும் ஓரத்தில் மெல்லிதாகவும் முதுகுப் பக்கம் கனமாகவும் களிமண் பூசி, சூடேற்றி, தண்ணீரில் தோய்த்தால் ஓரம் மட்டும் கடினமாகும், முதுகு நெகிழ்வாக நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மேகம் மாதிரி ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டின் ஒயிலை வைத்தே எந்தப் பட்டறை, எந்த நூற்றாண்டு என்று அங்கே சொல்லிவிடுகிறார்கள்!

அதைவிட என்னைக் கட்டிப்போட்டது, ஒரு குறுவாள் யார் யார் கைக்குப் போனது என்பதை அவர்கள் காப்பாற்றி வைத்திருக்கும் விதம். அத்சுஷி தோஷிரோ என்று ஒரு தாந்தோ. 13-ஆம் நூற்றாண்டில் கியோட்டோவின் அவதகுச்சி மரபைச் சேர்ந்த யோஷிமித்சு அடித்தது. நீளம் 22 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் தடிமன் ஒரு சென்டிமீட்டருக்கு மேல்! எதிரியின் கவசத்தைத் துளைப்பதற்கென்றே அப்படிக் கனமாக அடித்திருக்கிறார்கள். குரோடா யோஷிதகாவிடம் இருந்து டொயோடோமி ஹிதேத்சுகுவிடம் போனது. அங்கிருந்து ஹிதேயோஷி. பிறகு மோரி குடும்பம். பிறகு நாட்டை ஆண்ட டோக்குகாவா ஷோகுன் இயேத்சுனா. இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் தேசியப் புதையல். 1719-ல் ஷோகுன் யோஷிமுனேவின் ஆணைப்படி, வாள் மதிப்பிடுவதையே குலத்தொழிலாகக் கொண்ட ஹோனாமி குடும்பத்துக் கோச்சு, நாட்டின் புகழ்பெற்ற வாள்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் தொகுத்தார். எரிந்து போனவற்றுக்குக்கூட அதில் இடம் உண்டு. இரும்பை இந்த அளவுக்கு மதித்த மனிதர்களை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும். பிடிக்குள் மறைந்திருக்கும் வால் பகுதியின் துருவைக்கூட அவர்கள் துடைப்பதில்லை. அலகின் வயதைச் சொல்வது அந்தத் துருதான். துருவைப் படிக்கத் தெரிந்தவர்கள்!

இன்னொரு ஜப்பானியக் கொல்லரையும் சொல்லாமல் நகர மாட்டேன். எச்சிசென் யாசுத்சுகு. டோக்குகாவா இயேயாசுவுக்கு வேலை செய்தவர். 1615-ல் ஒசாகா கோட்டை விழுந்தபோது தீயில் கருகிய புகழ்பெற்ற வாள்களுக்கு மறுபடி பதம் ஏற்றிக் கொடுத்தவர். தன் அலகுகளின் வால் பகுதியில் அவர் பெருமையாக வெட்டி வைத்த வாசகம், இது வெளிநாட்டு இரும்பு கொண்டு செய்தது என்பது. தெற்குக் கடல் வழியாகக் கப்பலில் வந்து இறங்கிய இரும்பு அது. அதில் இந்திய இரும்பும் இருந்தது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எண்ணூருக்கு வடக்கே இருக்கும் நம் பழவேற்காட்டில் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள். ஜப்பானில் ஹிராடோவில் 1609-லேயே கிடங்கு வைத்திருந்தவர்களும் அதே டச்சுக் கம்பெனிக்காரர்கள்தான். சோழமண்டலக் கரையில் அவர்கள் துணியோடு இரும்பும் உருக்கும் ஏற்றினார்கள். இதைப் படித்த அன்று மாலை எண்ணூர் முகத்துவாரத்தில் போய் நின்றேன். வடக்கே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. இன்றைக்கு அதே எண்ணூர்த் துறைமுகத்தில் நிசான் கார்கள் வரிசையாகக் கப்பல் ஏறுகின்றன.

இனி கட்டாரி. ஸ்டோனின் அகராதியில் ஆங்கில எழுத்து வரிசைப்படி ஜப்பானியக் கத்தானாவும் நம் கட்டாரியும் கிட்டக் கிட்ட வரும். கத்தானாவைத் தேடிப் புரட்டியவன் கட்டாரிப் பக்கத்தில் நின்றுவிட்டேன். முட்டியை மூடி வளைந்து நிற்கும் தகடு, நீண்டு மெலிந்த அலகு. தென்னிந்தியா என்று போட்டிருந்தது. ஜப்பானியக் குறுவாள்களையும் இந்தக் கட்டாரிகளையும் ஒரே மனிதர் ஒரே ஆசையோடு சேர்த்திருக்கிறார். மேற்கொண்டு தேடினால், இந்த வகையின் மிகச் சிறந்த கூட்டம் ஒன்று எழும்பூரிலேயே இருக்கிறது! எங்கள் வீட்டுப் பெரியவர்கள் செத்த காலேஜ் என்று சொல்லி விடுமுறைக்குக் கூட்டிப்போன அதே கட்டடங்களில். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். அவ்வளவு பக்கம்.

போய்ப் பார்த்தேன். எப்படிச் சொல்ல? கட்டாரியைக் குத்துவாள் என்று சொல்லிவிட்டால் பாதிதான் சொன்னதாகும். மற்ற கத்திகளில் பெரும்பாலும் பிடி அலகின் நேர்க்கோட்டில் நீளும். கட்டாரியில் பிடி குறுக்கே நிற்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு கம்பிகள் முன்கையை அணைத்தபடி பின்னால் ஓடுகின்றன. நடுவில் குறுக்குச் சட்டம். அதைப் பிடித்து முஷ்டி மடக்கினால் விரல் முட்டிக்கு நேரே அலகு நிற்கும். குத்துச் சண்டையில் விடுகிற அதே குத்து. தோள், முழங்கை, மணிக்கட்டு, இரும்பு எல்லாம் ஒரே கோட்டில். உடம்பின் மொத்த பலமும் வீணாகாமல் நுனிக்குப் போய்ச் சேரும். பல கட்டாரிகளில் நுனி மட்டும் தடித்து வரும், சங்கிலிக் கவசத்தின் வளையத்தை உடைத்துப் புகுவதற்காக. கியோட்டோவில் ஒரு கொல்லர் முழு அலகையும் தடிமனாக்கினார், நம் ஊர்க் கொல்லர் நுனியைத் தடிமனாக்கினார். கவசம் போட்ட எதிரி இருவருக்குமே ஒரே கணக்கைத்தான் போட்டான். விடை இரண்டு விதமாக வந்தது. இரண்டும் அழகு.

தஞ்சாவூர்க் கட்டாரியில் இன்னொரு சங்கதி இருக்கிறது. கை வெளியே தெரியாதபடி புறங்கையை மூடி எழும்புகிற அந்த இரும்புத் தகடு. அதில் துளை வேலை செய்திருக்கிறார்கள், சரிகைக் கரை தோற்றது போங்கள்! ஓரங்களில் யாளி, கிளி, கொடி. அலகு தொடங்கும் இடத்தில் யாளியின் வாய் திறந்திருக்கும், இரும்பு அந்த வாயிலிருந்துதான் புறப்படும். வார்ப்பு இல்லை. உளி பிடித்து இரும்பில் செதுக்கியது. வெண்கலத்தில் சிலை செய்த ஊருக்கு இரும்பும் இப்படி மசிந்திருக்கிறது. இரும்பில் உளி ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் அதன் வலி தெரியும். ஒரு கிளியின் அலகை வளைத்துக் கொண்டுவர எத்தனை உளி முனை மழுங்கியிருக்கும் என்று நினைத்து நினைத்து நான் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவே இல்லை. நாயக்கர் காலக் கோயில் தூண்களில் இடுப்பில் குத்துவாள் செருகி நிற்கும் உருவங்களைப் பார்த்திருப்பீர்கள். கல்லில் நிற்கிற அந்த மனிதர்களின் இடுப்புக்கு உரியது இங்கே நிஜமாகவே கிடக்கிறது.

அலகைப் பாருங்கள். இந்த வகைக் கட்டாரிகளில் நிறைய அலகுகள் ஐரோப்பாவில் அடிக்கப்பட்டவை. வாளாகக் கப்பலில் வந்தவற்றை இங்கே நறுக்கிக் கட்டாரி அலகாக்கியிருக்கிறார்கள். சிலவற்றில் ஐரோப்பியப் பட்டறை முத்திரை அப்படியே இருக்கும். வந்த வழிக்கு நம் கடற்கரையில் குறைச்சலா? மயிலாப்பூரிலும் நாகப்பட்டினத்திலும் போர்த்துகீசியர் இருந்தார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர். 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரே தரங்கம்பாடியை டென்மார்க்காரர்களுக்குக் கொடுத்தார். வந்த வாளைத் தஞ்சாவூர்க் கொல்லர் எடை போட்டுப் பார்த்திருப்பார். உருக்கு நல்ல உருக்கு, ஆனால் நம் கைக்கு இந்த உருவம் ஆகாது. இன்றும் லாரியின் ஸ்பிரிங் பட்டை எங்கள் யார்டுக்கு வந்தால் அரிவாள் அடிக்கும் பட்டறைக்காரர்கள் தேடி வந்து பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். பட்டையின் உருக்கு எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும். அதே கண்தான் அன்றைக்கும் வேலை செய்திருக்கிறது. வெளியூர் அலகை எடுத்து, யாளி வாய்க்குள் செருகி, இரண்டு பக்கமும் தகடு வைத்து, ரிவிட் அடித்து, முழுக்க முழுக்கத் தஞ்சாவூர்ச் சாமானாக்கிவிட்டார்கள்.

இனி வருவது படிக்கும்போதெல்லாம் என் வயிற்றைப் பிசையும் பகுதி. தஞ்சாவூரில் நாயக்கர் ஆட்சி 1673-ல் முடிந்தது. மராத்தியர் வந்தார்கள். அரண்மனை ஆயுதசாலை கை மாறியது, கலையவில்லை. இரண்டாம் சரபோஜி சரஸ்வதி மகாலில் சுவடிகளும் புத்தகங்களும் சேர்த்தபோதும் அரண்மனையில் நாயக்கர் காலத்து இரும்பு பத்திரமாக இருந்தது. 1855-ல் அவர் மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி நாட்டை எடுத்துக்கொண்டது. ஆயுதங்களும் போயின. அப்போது மதராஸில் அருங்காட்சியகம் புதிது. 1851-ல் எட்வர்டு பால்ஃபர் பொறுப்பில் தொடங்கி, 1854-ல் எழும்பூர்ப் பாந்தியன் கட்டடத்துக்கு மாறியிருந்தது. தஞ்சாவூர் ஆயுதங்களில் தேர்ந்தெடுத்த சிலவற்றை அங்கே கொடுத்தார்கள். மீதி?

மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த எம்.ஜே. வால்ஹவுஸ் 1878-ல் இந்தியன் ஆன்டிகுவரி இதழில் எழுதியிருக்கிறார். மீதியை 1863-ல் உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்களாம்.

பழைய இரும்பு! என் தொழில். உடைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சம்மட்டி ஒரு கையில் ஏறி இறங்கும். முதலில் வளைந்த தகடு நசுங்கும், பிறகு ரிவிட் தெறிக்கும், பிறகு அலகு. கிளியும் யாளியும் குவியலில் ஒரே எடை. தராசுத் தட்டுக்கு ரகுநாத நாயக்கர் யார், வண்டி அச்சு எது? கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றைப் பார்க்கும்போது அந்தக் குவியலும் சேர்ந்தே என் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் இருப்பதன் மேல் இத்தனை வெறி. யாரோ ஒருவர் குனிந்து, இது இந்தப் பக்கம், இது அந்தப் பக்கம் என்று பிரித்திருக்கிறார். நான் தினமும் செய்கிற அதே வேலை. அந்தக் கை சரியாக நகர்ந்ததால் பிழைத்தவை இவை.

எழும்பூருக்கு வராமலும் சம்மட்டியில் மாட்டாமலும் வெளியே போனவையும் உண்டு. தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து கலைந்து போனவை என்ற குறிப்போடு கட்டாரிகளும் அங்குசங்களும் இன்று மேல்நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1880-ல், பின்னாளில் பிரபுவான வில்பிரகாம் எகர்ட்டன் இந்திய ஆயுதங்களைப் பற்றிப் படங்களோடு கையேடு ஒன்று வெளியிட்டார். ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் நம் இரும்பை வகை தெரிந்து தேட வழி விட்ட புத்தகம் அது. அவருடைய சொந்தச் சேகரிப்பு பின்னால் மான்செஸ்டர் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்டோன் 1935-ல் இறந்தபோது தன் சேகரிப்பை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்தார். தாந்தோவும் கட்டாரியும் ஒரே உயிலில் ஒரே வாசலுக்குள் நுழைந்தன! ஐரோப்பாவில் அடித்து, கப்பலில் நம் கரைக்கு வந்து, தஞ்சாவூரில் யாளி வாய் ஏறி, மறுபடி கடல் தாண்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போன அலகுகளும் இருக்கின்றன என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும். ராபர்ட் எல்குட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 2004-ல் இந்து ஆயுதங்களும் சடங்கும் பற்றித் தடிமனான புத்தகம் ஒன்று போட்டார். எழும்பூர்ச் சாமான்களுக்கு அதில் தனி மரியாதை. இவை சண்டைக்கு மட்டும் செய்தவை அல்ல, பூசைக்கும் அரச மேடைக்கும் உரியவை என்று உருவம் உருவமாக விளக்கியிருக்கிறார். ஓர் ஆயுத வேட்டைக்காரனின் கண்ணும் சிற்ப நூல் படித்தவரின் அறிவும் ஒரே ஆளிடம். படித்து முடித்ததும் மறுபடி எழும்பூர் போகாமல் இருக்க முடியவில்லை.

யோஷிமித்சுவின் குறுவாளுக்குக் கொல்லர் பெயர் இருக்கிறது, கைமாறிய ஒவ்வொரு பிரபுவின் பெயரும் இருக்கிறது. தஞ்சாவூர்க் கொல்லர் தன் பெயரை வெட்டி வைக்கவில்லை. ஆனாலும் பக்கம் பக்கமாக நான்கைந்து கட்டாரிகளைப் பார்த்தால் கை தெரியும். ஒருவர் கிளியின் கழுத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்புவார். ஒருவருக்குத் துளை வேலையில் கொடி பிடிக்கும். ஒருவர் ரிவிட் தலையையே பூவாக்கிவிடுவார். பெயர் இல்லாவிட்டால் என்ன, அந்த ரிவிட் பூ போதும் எனக்கு அவரை அடையாளம் சொல்ல. இதையெல்லாம் ஜப்பான்காரர்கள் வாளுக்குச் செய்வது போலப் படம் எடுத்து, கை வாரியாகப் பிரித்து, எழும்பூர், மான்செஸ்டர், நியூயார்க் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொண்டுவர யாராவது கிளம்ப மாட்டார்களா என்று தவிக்கிறேன். நம் பல்கலைக்கழகங்களில் சிற்பத்துக்கு எத்தனை ஆய்வு! இரும்புக்கும் கொஞ்சம் திரும்பக் கூடாதா?

எங்கள் யார்டில் கேஸ் கட்டிங் பிடிக்கும் பெரியவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். இரும்பைப் பற்றி நான் கற்றதில் பாதி அவர் வாய்மொழி. பெட்டி முன்னால் நின்றவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு விரலால் கண்ணாடியைத் தொடாமல் காட்டினார்.

“தம்பி, இதுல வெல்டிங்கே இல்லப்பா. எல்லாம் ரிவிட்டு. தலைய பாரு, இன்னாமா உக்காந்துகீது.”

“ஆமாண்ணே. கையால அடிச்சது.”

“கையாலதான். ஆனா ஒரு அடி கூட ஜாஸ்தி உழல பாரு. ஜாஸ்தி உழுந்தா தகடு வெடிச்சிருக்கும். எவ்ளோ மெல்லிசு!” கொஞ்ச நேரம் கழித்து, “மிச்சம் எங்கப்பா?” என்றார்.

1863 கதையைச் சொன்னேன். அவர் முகம் இறுகிப் போனது. “இத்தயா சம்மட்டி போட்டானுங்க?” என்று கேட்டார். அடுத்த பெட்டிக்கு நகர்ந்து அங்கேயும் ரிவிட்டுகளை ஒன்று விடாமல் பார்த்தார். மூடும் நேரம் ஆகிவிட்டது என்று காவலர் வந்து சொல்லும்வரை நாங்கள் கிளம்பவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் டார்ச் பற்றவைக்கும் முன்னால் அன்றைய லோடைக் காலால் கிளறிப் பார்த்தார் பெரியவர். இப்போதும் பார்க்கிறார். பழைய பூட்டு, வளைந்த கம்பி வேலை, செதுக்கிய கீல் எது வந்தாலும் என்னைக் கூப்பிடுகிறார்.

போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. நடராஜரைப் பார்க்க வெண்கலக் கூடத்துக்கு எல்லோரும் ஓடுகிறார்கள், ஓட வேண்டியதுதான். அதற்கு முன்னால் ஆயுதக் கூடத்தில் ஒரு மணி நேரம் கொடுங்கள். குழந்தைகளோடு போனால் முஷ்டி மடக்கிக் காட்டி, பிடி ஏன் குறுக்கே நிற்கிறது என்று அவர்களையே சொல்ல விடுங்கள், சொல்லிவிடுவார்கள். கட்டாரியை முதலில் நேராகப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் போய், கண் மட்டத்துக்குக் குனிந்து, பின்னால் ஓடும் இரண்டு கம்பிகளிலிருந்து தொடங்குங்கள். அப்படியே குறுக்குச் சட்டம், வளைந்த தகடு, துளை வேலை என்று முன்னேறி ரிவிட் தலைகளை எண்ணுங்கள். யாளியின் பல்வரிசையை அதற்குப் பிறகு பாருங்கள். கண்ணாடியில் வெளிச்சம் அடித்தால் இரண்டு அடி இடப்பக்கம் நகருங்கள், அலகில் ஓடும் பள்ளங்கள் நன்றாகத் தெரியும்.